கூடுதுறைக்காரர்கள்

ஜூன் முதல் வாரத்தில் நம் பள்ளிக்கூடம் திறக்கும். மேட்டூர் அணை திறக்கிற நாள் ஜூன் 12. மழை பொய்த்த வருசங்களில் அது தள்ளிப்போகும், ஆனாலும் எங்கள் மனசில் இருந்த தேதி அதுதான். புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, புது வாத்தியாருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நாளும் வகுப்பில் பாதிப் பேருடைய காது ஆற்றுப் பக்கமே இருக்கும். ஒருநாள் காலையில் தெருவில் யாராவது "தண்ணி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். அன்று தமிழய்யா பாடம் நடத்தமாட்டார். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொள்ளச் சொல்லி எங்களைப் படித்துறைக்குக் கூட்டிப்போவார்.

கோடையில் எங்கள் பவானி ஊரில் காவிரி ஓர் ஓரமாக வாய்க்கால் போல ஓடிக்கொண்டிருக்கும். மீதியெல்லாம் மணல். அந்த மணலில்தான் நாங்கள் வெள்ளாமை போட்டோம், கல்யாணம் செய்தோம், கபடி ஆடினோம். புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் மணலின்மேல் ஒரு நாக்கு நீளும். அதன் நுனியில் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு, யாரோ வீசிய மாலையின் நார். மணல் அதைக் குடித்துவிடும். பின்னாலேயே இன்னொரு நாக்கு. மத்தியானத்துக்குள் எங்கள் கபடிக் கோடு போயிருக்கும், சாயங்காலத்துக்குள் மணலே போயிருக்கும். தமிழய்யா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். நாங்களும் கும்பிடுவோம்.

நான் 1996-இல் நர்சு வேலைக்காக ஆஸ்திரேலியா வந்தேன். இருப்பது பெர்த் நகரத்தில். வீட்டிலிருந்து காட்டஸ்லோ கடற்கரை பக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விதத்தைக் கவனித்து, உங்கள் ஊரும் கடற்கரையா என்று கேட்பவர்கள் உண்டு. கொங்கு நாட்டில் கடல் ஏது? ஆனால் எங்களுக்குக் கரை இருந்தது. அந்தக் கரையில் மனிதர்கள் இருந்தார்கள். நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலர்களை ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர்கள், முதல் மதிப்பெண் வாங்கியவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் எல்லோருடைய படமும் அவற்றில் இருக்கிறது. படித்துறையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்மில் பலரை உயிரோடு வைத்திருந்ததும், சிலரைப் பள்ளியிலேயே வைத்திருந்ததும் அவர்கள்தான். அதனால் இந்த முறை எனக்குக் கிடைத்த பக்கங்களை அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்கேயிருந்து பவானி ஆறு வருகிறது, வடக்கேயிருந்து காவிரி வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் வந்து சேர்வதாக நம்பிக்கை. மூன்றும் கூடுவதால் கூடுதுறை. அந்த முனையில் சங்கமேசுவரர் கோயில். திருநணா என்று சம்பந்தர் பாடிய ஊர் இதுதான். எதிர்க்கரையில் குமாரபாளையம், என் அம்மா பிறந்த ஊர். மழைக்காலத்தில் பவானித் தண்ணீர் செங்காவியாகவும், அணையில் நின்று தெளிந்து வந்த காவிரி பச்சையாகவும் இருக்கும். கலக்கிற இடத்தில் கொஞ்ச தூரம் ஒரு கோடு போவதைப் பாலத்தின்மேல் நின்று பார்த்திருக்கிறேன்.

கோயில் வாசலில் பூக்கட்டி விற்ற ஓர் ஆத்தா இருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் சரித்திர வாத்தியார். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ என்ற வெள்ளைக்காரத் துரையின் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். இடியும் மழையுமான ஒரு ராத்திரி துரை பங்களாவில் தூங்கிக்கொண்டிருக்கிறார். சின்னப் பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவருகிறாள். வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுகிறது, அந்தப் பெண்ணைக் காணோம். வேதநாயகி அம்மன்தான் வந்தாள் என்று தெரிந்து, துரை 1804-இல் யானைத் தந்தத்தில் கட்டில் செய்து கோயிலுக்குக் கொடுத்தார். உள்ளே வரமுடியாத அவர் வெளியே நின்று அம்மனைப் பார்ப்பதற்காகச் சுவரில் போட்ட மூன்று துவாரங்கள் இன்றும் இருக்கின்றன. ஆத்தா இந்த இடத்துக்கு வரும்போது பூவைக் கீழே வைத்துவிடுவார். "பாத்துப்போட்டு அந்தத் தொரை அழுதாரு கண்ணு, கொழந்தையாட்ட அழுதாரு" என்பார். 1804-இல் நடந்ததை நேற்றுப் பார்த்தவர் போலச் சொல்வார், எங்களுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. தேதிகளை மனப்பாடம் செய்ய நான் பழகியது அந்தத் திண்ணையில்.

படித்துறைக்குக் கீழே, இடுப்பளவுத் தண்ணீரில் தகரத் தட்டோடு குனிந்து நிற்பவர் சலிப்புக்காரர். அள்ளுவார், சுழற்றுவார், மணலை வழியவிடுவார், தட்டின் அடியில் தங்கியதை விரலால் ஒதுக்கிப் பார்ப்பார். குளிக்க வருகிறவர்கள் ஆற்றில் போடும் காசும், அவர்கள் அறியாமல் நழுவிப்போகும் பொட்டுத் தங்கமும்தான் அவர் வெள்ளாமை. அப்போது ஐந்து பைசா, பத்து பைசா எல்லாம் அலுமினியம். காந்தத்தில் ஒட்டாது. கண்ணும் விரலும்தான் வேலை செய்யவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் மூக்குத்தி ஆற்றோடு போய்விட்டது. அம்மா ஈரச்சேலையோடு அவரிடம் போய்ச் சொன்னார். நான்காம் நாள் வாசலில் வந்து நின்று பீடிக்கட்டுக் காகிதத்தில் மடித்த மூக்குத்தியை நீட்டினார். அம்மா அரிசி அளந்து போட்டார். வைத்துக்கொண்டிருந்தால் எத்தனையோ படி அரிசி வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அவர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். "உங்கம்மா வந்து சொல்லிப்போட்டாங்கல்ல அம்மிணி. சொன்னா அது அவங்களுது. சொல்லாமப் போனாத்தான் என்னுது." படித்துறை முழுவதற்கும் இதுதான் சட்டமாக இருந்தது. எழுதி ஒட்டாத சட்டம், யாரும் மீறி நான் கேள்விப்படவில்லை.

பழைய பாலத்தின் அடியில் மீன் வறுத்து விற்ற அக்கா வேறொரு கணக்கு வைத்திருந்தார். ஜிலேபி, ஆரால், கெளுத்தி, நல்ல நாளில் அரஞ்சான். மஞ்சளும் மிளகாயும் தடவி இரும்புச் சட்டியில் போட்டால் அந்த வாசம் நம் பள்ளி மைதானம் வரைக்கும் வரும். கையில் காசில்லாத பிள்ளைக்கும் துண்டு கிடைக்கும். கரித்துண்டால் பாலத்தின் தூணில் ஒரு கோடு, அவ்வளவுதான். பேர் எழுதத் தெரியாது அவருக்கு, அதனால் ஆளுக்கு ஒரு அடையாளம் போடுவார். எனக்குத் தறி நாடா, டெய்லர் வீட்டுப் பையனுக்குக் கத்தரி, அய்யர் வீட்டுப் பையனுக்கு அடையாளமே போடமாட்டார், வீட்டில் தெரிந்தால் அடி விழுமென்று. ஆடியில் வெள்ளம் ஏறும்போது கோடெல்லாம் கரைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் தூணைப் பார்ப்பார். "ஆத்தா அழிச்சுப்போட்டா, போங்க" என்று சொல்லிப் புதுக்கணக்கு ஆரம்பிப்பார்.

எனக்கு ஏன் நாடா என்றால், நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

பவானி என்றால் ஜமக்காளம். பெயரைக் கேட்டாலே தெரியும், ஆனால் அது எப்படி நெய்யப்படுகிறது என்று நம் பள்ளியில் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கவேண்டும். உட்காரும் இடம் தரைமட்டத்தில். பாவு, அதாவது நெடுக்கு நூல், கண்ணுக்கு முன்னால் நீண்டிருக்கும். அகலமான விரிப்பு என்றால் ஒருவர் கை எட்டாது, அதனால் இரண்டு பேர் அருகருகே உட்காருவார்கள். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டைதான் நாடா. ஒருவர் நாடாவைப் பாவுக்குள் தள்ளிவிட்டால் மற்றவர் அந்தப் பக்கம் வாங்கவேண்டும். இருவரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிக்கவேண்டும். மறுபடி அவர் தள்ளினால் இவர் வாங்கவேண்டும். ஊடை என்கிற அந்தக் குறுக்கு நூல் மொத்தமானது, சாயமேற்றியது. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு எனப் பட்டை பட்டையாக ஏறும். கல்யாண வீட்டுக்குப் பெரிய விரிப்பு, பந்திக்கு நீளமாக ஒடுங்கிய பந்தி ஜமக்காளம். பள்ளிவிட்டு வந்ததும் ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூலைச் சுற்றுவது, என் வேலை. தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும், ஆகவே படிப்பும் ராட்டைக்குப் பக்கத்திலேதான். திருக்குறள் எல்லாம் ராட்டைச் சத்தத்தோடு சேர்ந்துதான் இன்றும் என் மனதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா வலப்பக்கம், அம்மா இடப்பக்கம்.

நான் எட்டாவது முடித்தபோது, போதும், இனி தறியில் உட்காரட்டும் என்று அப்பா சொன்னார். அப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு முதுகு போய்க்கொண்டிருந்தது, கடன் இருந்தது, தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் குழியில் காலை விட்டிருந்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சோறு போடுவார், துணி துவைப்பார், தறியில் உட்காருவார், பேச்சு மட்டும் கிடையாது. அப்பாவும் பேசவில்லை. ஆனால் நாடாவைத் தள்ளாமலும் வாங்காமலும் இருக்கமுடியாதே! காலை ஆறு மணியிலிருந்து பொழுதுசாயும் வரைக்கும், பேச்சில்லாத இரண்டு பேர் ஆயிரம் தடவை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ராட்டையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே யாருக்குக் கோபம் அதிகம் என்று எனக்குத் தெரியும். அப்பா தள்ளினால் நாடா பாவில் சீறிக்கொண்டு போகும். அம்மா தள்ளினால் சத்தமே வராது.

பள்ளி திறந்து இரண்டாம் வாரம். ஒரு பெரிய விரிப்பு தறியில் இருந்தது, மறுநாள் கொடுக்கவேண்டியது. கடைசிப் பச்சைப் பட்டை. அப்பா நாடாவைத் தள்ளினார். அம்மா வாங்கினார். திருப்பித் தள்ளவில்லை. நாடாவை மடியில் வைத்துக்கொண்டு பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கையை நீட்டியபடியே இருந்தார். தறி நின்றதும் தெருவே நின்றது போல இருந்தது எனக்கு, பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விளக்குப் போடும் நேரம் வந்துவிட்டது.

"சரி, போகட்டும் புள்ள" என்றார் அப்பா. "நாளைக்கு நா போயி வாத்தியாரப் பாத்துச் சொல்லீட்டு வர்றன்."

அம்மா நாடாவைத் தள்ளினார். அன்றைக்குத்தான் அம்மா தள்ளிச் சத்தம் கேட்டது. நான் பத்தாவது முடித்தேன், பன்னிரண்டாவது முடித்தேன், நர்சு படித்தேன். ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி 2005-06 வாக்கில் எனக்கு எட்டியபோது அப்பா இல்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதெல்லாஞ் செரி, தறி இருக்குதா?" என்று கேட்டார். எங்கள் தெருவில் அப்போது இரண்டு தறிகள்தான் மிஞ்சியிருந்தன. விசைத்தறியில் ஓடியதைப் பவானிப் பெயரில் விற்கிறார்கள் என்ற வருத்தம் அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் இருந்தது. என் வீட்டுக் கூடத்தில் விரித்திருப்பது அந்தப் பச்சைப் பட்டை விரிப்போடு சேர்த்து அவர்கள் நெய்த ஜோடி. ஒன்று விற்றுப்போனது, மற்றது எனக்கு.

ஆடிப்பெருக்கைப் பற்றி நம் மலர்களில் நிறைய வந்திருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, புளியமரத்தில் தூரி. புதுமாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். அம்மாவின் கூட்டம் முழுவதும் குமாரபாளையத்திலிருந்து பாலத்தில் நடந்து வரும். ஒறம்பரைக் கூட்டம் நிறைந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் தறிக்குழிமேல் பலகை போட்டுத்தான் பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் குளிக்காமல், கும்பிடாமல், கரையோரம் பரிசலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்தான் முக்குளிக்காரர்.

மூங்கில் பிளாச்சு பின்னி, அடியில் உரச்சாக்கு வைத்துத் தைத்துத் தார் பூசின பரிசல் அவருடையது. புல்லறுக்கப் போகிறவர்களை அக்கரையில் விடுவார், வலை போடுவார், மற்றவர்களின் பரிசலுக்குத் தார் பூசிக் கொடுப்பார். பிழைப்பு அது. ஊர் அவரைத் தேடிவந்தது வேறு வேலைக்கு. ஆற்றில் யாராவது போய்விட்டால் ஆள் அவருக்குத்தான் போகும். பவானியில் மட்டுமில்லை, சுற்று வட்டாரம் எங்கும் கூப்பிடுவார்கள். மூழ்கிக்கொண்டிருந்தவர்களை எத்தனை பேரைத் தூக்கினார் என்று யாரும் எண்ணவில்லை. மூழ்கிப்போனவர்களை எடுத்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருந்தது. அதனால் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். படித்துறை டீக்கடைக்கு அவர் தன் போசியைக் கையோடு கொண்டுவருவார். கடைக்காரர் உயரத் தூக்கி அதில் ஊற்றுவார். நான் இதைத் தினமும் பார்த்தேன். பார்த்துப் பார்த்து அது எனக்கு வழக்கமாகிவிட்டது. இன்று நினைக்கும்போது என்னை வருத்துவது அந்த வழக்கம்தான்.

நான் ஏழாவது படித்தபோது, புதுத்தண்ணீர் வந்த வாரத்தில், எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் போய்விட்டான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவன், என் பெஞ்சுக்கு நேர் பின் பெஞ்சு. கோடையில் மணல் அள்ளிய குழி ஒன்று இருந்தது, தண்ணீர் வந்து மூடியபின் அது வெளியே தெரியவில்லை. பள்ளிவிட்டு நேராகக் குளிக்கப் போனவன்.

முக்குளிக்காரர் அன்று இருட்டும்வரை தேடினார். மறுநாள் விடிவதற்குமுன் வந்துவிட்டார். மூன்றாம் நாள் தானே மேலே வரும், பொறுத்திருப்போம் என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். அவர் பையனின் அம்மா உட்கார்ந்திருந்த படியைப் பார்த்தார். "அந்தத் தாயி மூணு நா இங்கயே உக்காந்திருக்கோணுமாங்க?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியைப் பரிசலில் இருந்த தன் மகன் கையில் கொடுத்து, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எத்தனை தடவை இறங்கினார், எத்தனை தடவை ஏறினார்! கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. பொழுதுசாயும் நேரத்தில் பாலத்தூணுக்குக் கீழே கண்டுபிடித்தார். கரைக்குக் கொண்டுவரும்போது தன் துண்டால் பையனின் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்.

பையனின் அப்பா சட்டைப்பையில் இருந்த அத்தனை நோட்டையும் அள்ளி நீட்டினார். முக்குளிக்காரர் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். "இதுக்குக் காசு வாங்குனா அடுத்த தடவ அடியில கண்ணு தெரியாதுங்க சாமி." தனியாகப் போய் ஆற்றில் தலைமுழுகிவிட்டு, ஈரத்தோடு, போசியை எடுத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் வந்து நின்றார்.

எங்கள் ஹெட்மாஸ்டர் காலையிலிருந்து படித்துறையில்தான் நின்றிருந்தார். அவர் கடைக்குப் போய், "ரெண்டு டீ. கிளாஸ்ல குடுங்க" என்றார். கடைக்காரர் தயங்கினார். ஹெட்மாஸ்டர் தானே இரண்டு கிளாஸைக் கழுவி எடுத்து நீட்டி ஊற்றச்சொன்னார். ஒன்றை முக்குளிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் அதே படியில், தோளோடு தோள் படும்படி உட்கார்ந்து குடித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் முப்பது நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் அந்தக் கடையில் அவருக்குக் கிளாஸில் டீ கிடைத்தது, பிறகு மறுபடி போசிதான். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த ஜூனில் ஹெட்மாஸ்டர் அவரைக் காலைப் பிரேயருக்குக் கூட்டிவந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, யாரிடமோ வாங்கிப் போட்டிருந்தார் போல, தோளில் தொங்கியது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசியதை இன்றும் என்னால் அப்படியே சொல்லமுடியும்.

"தண்ணில சருகு வந்தா ஏறிக்கோங்க கண்ணுகளா. நொர வந்தா ஏறிக்கோங்க. குளிச்சிட்டே இருக்கறப்ப தண்ணி திடீருன்னு சில்லுன்னு ஆச்சுன்னா, துணி கெடக்குதேன்னு பாக்காதீங்க, உட்டுப்போட்டு ஏறிக்கோங்க. மணலு அள்ளுன பக்கம் போவாதீங்க. ஒருத்தன் முழுவறான்னா நீங்க குதிக்காதீங்க. துண்ட வீசுங்க, வேட்டிய வீசுங்க, ஒண்ணுமில்லாட்டிச் சத்தம் போட்டு என்னக் கூப்புடுங்க. நா வர்றன்."

நான் படித்து முடிக்கும்வரை ஒவ்வொரு ஜூனிலும் அவர் வந்தார். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைகள், கடைசியில் இதே "நா வர்றன்".

பெர்த்தில் என் மகள் சின்னவளாக இருந்தபோது கடற்கரையில் உயிர்காப்புப் பயிற்சிக்கு அனுப்பினேன். இங்கே சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டை நட்டு, அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கச் சொல்வார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள், அதே சிவப்பு மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்கள். அவர்கள் வரும்போது கடற்கரையே வழிவிட்டு வணக்கம் சொல்லும். முதல் நாள் பாடம்: ஒருவர் மூழ்கினால் நீ குதிக்காதே, மிதக்கிற பொருள் எதையாவது வீசு, உதவிக்குக் கூப்பிடு. மகள் வந்து ஒப்பித்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதையே சொல்லிக்கொடுத்தவருக்கு நம் ஊர் ஒரு கிளாஸ் கொடுக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நான் வேலை பார்த்த அத்தனை வருசத்திலும், இறந்த பிள்ளையை அம்மாவிடம் காட்டவேண்டிய ஒவ்வொரு தடவையும், முகத்தை மூடிய அந்தத் துண்டைத்தான் நினைத்துக்கொண்டேன். எப்படித் தூக்கவேண்டும், எவ்வளவு மெதுவாக வைக்கவேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். மணலைக் காணோம். அள்ளியது பாதி, கதவணைகள் வந்தபின் தண்ணீர் தேங்கி மூடியது பாதி. கபடி ஆடிய இடத்தைக் கையால் காட்டினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கந்தன்பட்டறைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததாகச் சொன்னார்கள். படித்துறையில் இப்போது பையன்கள் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள், இந்தக் காலத்துக் காசு ஒட்டிக்கொண்டு வருகிறது. மீன்கார அக்காவின் மகள் அதே பாலத்துக்கு மேலே தள்ளுவண்டி வைத்திருக்கிறார். என் பேரில் அவருடைய அம்மா தூணில் போட்டிருந்த கோடுகளுக்கு என்று நூறு ரூபாய் நீட்டினேன். "ஆத்தா அழிச்ச கணக்குங்கக்கா, அத எப்படி வாங்கறது?" என்று கையை இழுத்துக்கொண்டு, ஜிலேபி மீனை இலையில் வைத்துக் கொடுத்தார்.

முக்குளிக்காரரின் பேத்தியைத் தேடிப் போனேன். தாத்தா போய்ச் சேர்ந்து பதினைந்து வருசம் ஆகிறதாம். அவர் இடுப்பில் கட்டிய கயிறு பரணில் இருந்தது, எடுத்துக் காட்டினாள். மலரில் எழுதப்போகிறேன், படம் ஒன்று கொடு, பேரைப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "எங்க தாத்தன் பேரப் பாத்தா, படிக்கறவங்க வீட்டுல போன பிள்ளைங்க ஞாபகந்தானுங்க வரும். அதுக்கு அவருக்கு மனசு ஒப்பாதுங்கக்கா." அதனால்தான் இந்தக் கட்டுரையில் பேர் இல்லை. பவானியில் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

பேச்சு முடிந்ததும் இருவரும் படித்துறைக்கு நடந்தோம். அவள் டீ வாங்கிவந்தாள், இரண்டு கிளாஸ். கடைசிப் படிக்கு மேல் படியில் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் குமாரபாளையத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மேட்டூரில் கூடுதலாகத் திறந்திருப்பதாகக் காலையில் பேசிக்கொண்டார்கள். பாதி டீயில் அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஓரமாக நுரை ஒதுங்கிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு மூன்று ஆலஞ்சருகு. கிளாஸை எடுத்துக்கொண்டு இருவரும் எழுந்து, இரண்டு படி மேலே ஏறி உட்கார்ந்தோம்.